கரையில் ஒரு ஆள்

உங்களை யாராவது சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்களா? செல்போனை எடுக்காமல், டீ குடிக்கப் போகாமல், ஒரு மணி நேரம் முழுக்க உங்களை மட்டும்? சின்ன வயதில் அம்மா பார்த்ததை எல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு.

எனக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. பாசத்துக்காக இல்லை, ரூலுக்காக. கோவளத்துக்குப் பின்னால் உப்பங்கழி ஓரமாக ஒரு பாய்மரப் படகு கிளப் இருக்கிறது. அங்கே விங்ஃபாயில் என்ற தண்ணீர் விளையாட்டைக் கற்றுக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து தனியாகப் பழகுகிறவன் தண்ணீரில் இறங்க வேண்டுமானால், கரையில் அவனுக்கென்று ஒரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு நீச்சல் தெரிய வேண்டாம். கண் நம் மேல் இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் ஷெட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆள் இல்லையா, போர்டைத் தொடாதே.

கேட்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமா என்று இருந்தது. எனக்கு ஆளா கிடைக்காது என்று நினைத்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் கடல் ஆசை எல்லாம் கிடையாது. கட்டில். வல்லம் வடகாலில், தொழிற்பேட்டை ஓரமாக, நான் இருக்கும் ரூமில் ஒரு கட்டில், இரண்டு பேர். எங்கள் பக்கத்தில் இது சகஜம். பகல் ஷிஃப்ட்காரன் ஒருவன், நைட் ஷிஃப்ட்காரன் ஒருவன் என்று பார்த்து ஹவுஸ் ஓனர் ஒரே ரூமில் போட்டுவிடுவார். நான் பகல். அவன் நைட், வேறு கம்பெனியில் பேக்கிங் லைன், அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். மாதக்கணக்கில் ஒரே தலையணையில் படுத்தும் இருவரும் பக்கத்தில் நின்று பேசியது கிடையாது. காலையில் என் கம்பெனி பஸ் கிளம்பும்போது அவன் பஸ் வந்து திரும்பும். ஜன்னல் வழியாகக் கை காட்டுவோம். மற்றபடி வாய்ஸ் மெசேஜ்தான். ப்ரோ, மோட்டார் ஆஃப் பண்ணிடுங்க. ப்ரோ, சாவி ஜன்னல் மேல. எனக்கு அவன் என்றால் தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசம், கட்டிலில் சுவர்ப் பக்கம் ஒரு பள்ளம்.

சிக்கல் என் வார லீவு அன்றைக்கு. எனக்குச் செவ்வாய். பகலில் கட்டில் அவனுடையது, நைட் முடித்து வந்து அவன் தூங்க வேண்டும். அவன் வருவதற்குள் நான் வெளியே போயாக வேண்டும். எங்கே போவது? கம்பெனி லைனில் கூட இருக்கும் நண்பர்களுக்கெல்லாம் ஞாயிறு லீவு. முதலில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை அங்கே குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். ஒண்டிக்கட்டையாக நான் மட்டும் வாரா வாரம் போய் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பூ விற்கும் அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"இன்னா வேண்டுதல்பா, பொண்ணா?"

அதற்கு அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு படப்பை, வண்டலூர், கேளம்பாக்கம் என்று ரோடு முடியும் வரை ஓட்டினேன். ரோடு முடிந்த இடத்தில் தண்ணீர். தண்ணீருக்கு மேல் ஒருவன் நின்றபடி போய்க்கொண்டிருந்தான். படகு இல்லை, மோட்டார் இல்லை, அலைகூட இல்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கையில் காற்றடைத்த ஒரு இறக்கை. அது போர்டில் எங்கேயும் பூட்டியிருக்காது, நாம்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். காலுக்குக் கீழே போர்டு. போர்டுக்கு அடியில் ஒரு கம்பம், அதன் முனையில் குட்டி விமானம் மாதிரி ஒரு துண்டு. அதுதான் ஃபாயில். வேகம் பிடித்தால் அது போர்டையும் ஆளையும் சேர்த்துத் தண்ணீரைவிட்டு மேலே தூக்கிவிடும். எனக்குச் சொந்த ஊர் கயத்தாறு. எங்கள் ஊரில் காற்றாலை இல்லாத திசையே கிடையாது. காற்றைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித் தருவது என்ற திமிரோடுதான் சேர்ந்தேன். கூட்டமில்லாத செவ்வாயில் போர்டுகளையும் பாய்களையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொடுப்பது, அதற்குப் பதில் பாடமும் ஒட்டுப்போட்ட ஒரு பழைய இறக்கையும். இதுதான் பேச்சு.

சொல்லிக் கொடுத்த அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். அடியில் சிப்பி ஓடு குத்தும், ஷூ போட்டுக்கொண்டு வா என்று முதல் நாளே சொல்லியிருந்தார். என்னிடம் இருந்த ஒரே ஷூ கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். நாலு அடி போவதற்குள் இரண்டு காலும் சேற்றில் நட்டுக்கொண்டு நின்றுவிட்டன. அக்கா கரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"தம்பி, நீ மெதக்க வந்தியா, முழுக வந்தியா?"

காலைவிடப் பெரிய தொல்லை என் கை. நான் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் இருக்கிறேன். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பட்டனில் அழுத்தி வைத்தால்தான் பிரஸ் இறங்கும். பாதியில் ஒரு கையை எடுத்தால் அப்படியே நின்றுவிடும், தகடு ஸ்கிராப், சூப்பர்வைசர் சாவியோடு வந்து ரீசெட் பண்ணும் வரை லைன் மொத்தமும் நம்மையே முறைக்கும். அதனால் என்ன ஆனாலும் கையை எடுக்கக் கூடாது என்று உடம்பில் ஊறிவிட்டது. விங்கில் அப்படியே தலைகீழ். காற்று திடீரென்று அறைந்தால் பின் கையை விட்டுவிட வேண்டும். நான் இரண்டு கையாலும் இறுக்குவேன். இறக்கை என்னைத் தூக்கிக் குப்புற அடிக்கும். எழுந்து மறுபடி இறுக்குவேன், மறுபடி அடிக்கும்.

"கைய வுடுபா. வுட்டா அது கொடி மாதிரி சும்மா ஆடிகினு நிக்கும். புட்சினே இருந்தியானா உன்ன இஸ்துகினு போயிடும்."

ஃபாயில் இல்லாத பெரிய போர்டில் முட்டி போட்டுப் போவதற்கே வாரங்கள் ஆயின. வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் காற்றில் பிடித்து, பின் கையை விட்டு விட்டுப் பழகினேன். துணி எடுக்க வந்த ஹவுஸ் ஓனர் அக்கா, பேனரைப் பிடித்துக்கொண்டு என்ன டான்ஸ் ஆடுகிறாய் என்று கேட்டார். விளக்கினேன். வெயிலில் சுற்றாதே என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

ஒருவழியாக எழுந்து நிற்க வந்தது. கிளப் அக்கா ஃபாயில் போர்டைக் காட்டி, பாடம் இத்தோடு முடிந்தது, இனிமேல் விழுந்து விழுந்து நீயே கற்றுக்கொள் என்றார். செவ்வாயில் அவருக்கு ஷெட்டுக்குள் ரிப்பேர் வேலை. ஷெட்டின் வாசல் ரோட்டைப் பார்த்திருக்கும், முதுகு தண்ணீருக்கு. கரைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னது அப்போதுதான். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் இறக்கை எல்லாம் மூட்டை கட்டி உள்ளே போய்விடும், அதற்குள் பறந்தால் உண்டு.

கேன்டீனில் என் டேபிளில் உட்காரும் ஒவ்வொருவனையும் கேட்டேன். எவனும் முடியாது என்று சொல்லவில்லை. பார்க்கலாம் மச்சி என்றார்கள். வல்லம்காரன் ஒருவன்தான் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"நீ தண்ணில வுழறத பாக்கறதுக்கு நான் லீவு போடணுமா? வீடியோ எடுத்து அனுப்பு, லைக் போட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் செவ்வாய் கிளப்புக்குப் போய், போர்டுகளை அலசி வைத்துவிட்டு, நல்ல காற்றில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த செவ்வாயும் அதேதான். காண்டாக்ட் லிஸ்டை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பர்த்டேக்கு விஷ் பண்ண அத்தனை பேர் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் வந்து நில் என்று கேட்க ஒருத்தர் பெயரில்கூட விரல் நிற்கவில்லை.

கடைசியில் ரூம்மேட்டுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வர மாட்டான் என்று தெரிந்துதான் போட்டேன், நைட் முடித்து வருகிறவன் எப்படி வருவான். பதில் வந்தது.

"வர்றேன் ப்ரோ. கட்டில்ல படுக்குறதுக்குப் பதிலா அங்கன வந்து நிக்கிறேன், என்ன இப்ப."

செவ்வாய் காலை அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க, யூனிஃபார்மோடு அப்படியே என் பைக்கில் ஏறினான். நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தான். கட்டிலில் அந்தப் பள்ளத்தை வைத்துக் குள்ளமான ஆள் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். படப்பையில் டீ குடித்தோம். அவன் சக்கரை போடாமல் குடித்தான். அதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடல் காற்று மதியத்துக்கு மேல்தான் எழும் என்பதை அவனிடம் சொல்ல மறந்திருந்தேன். கரையில் இருந்த சவுக்கு மர நிழலில் காத்திருந்தோம். அவன் நின்றான், நடந்தான், முகம் கழுவினான், திரும்ப நின்றான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்றான். தண்ணீர் மேல் கோடு கோடாகக் காற்று இறங்கியதும் நான் இடுப்பளவு ஆழத்துக்குப் போர்டைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஏறினேன், விழுந்தேன். வாயில் உப்புத் தண்ணீரோடு தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தால் அவன் ஒரு கையை உயர்த்திக் காட்டினான். மறுபடி விழுந்தேன், மறுபடி கை. பஸ் ஜன்னலில் காட்டுகிற அதே கை. அது உயர்ந்த பிறகுதான் போர்டில் ஏறுவேன். இப்படியே போனது. எத்தனை விழுந்தாலும் அசிங்கமாகவே இல்லை.

அப்புறம் ஒரு நல்ல காற்று வந்தது. முட்டியிலிருந்து எழுந்து நின்றேன். போர்டு தடதடவென்று தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடியது. பின் காலில் கொஞ்சம் எடை போட்டேன். சத்தம் நின்றுவிட்டது. பிரஸ் லைனில் வேலை செய்கிறவனுக்குச் சத்தம் நிற்பது என்றால் என்னவென்று சொல்லிப் புரிய வைக்க முடியாது. தண்ணீர் கீழே, நான் மேலே, நடுவில் வெறும் காற்று. பறந்துகொண்டிருந்தேன். திரும்பிக் கரையைப் பார்த்தேன்.

கை இல்லை. அவன் சவுக்கு மரத்தில் சாய்ந்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த காற்று அறைந்தது. பின் கையை விட்டேன். யாரும் சொல்லாமல் தானாகவே விட்டேன். இறக்கை கொடி மாதிரி படபடத்தது, போர்டு மெதுவாகத் தண்ணீரில் உட்கார்ந்தது. நின்றபடியே இருந்தேன், விழவில்லை. உப்பங்கழி முழுக்க அதைப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. கொக்கு இரண்டு இருந்தது, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்து அவனை எழுப்பவில்லை. ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க அட்டைப் பெட்டி தூக்கியவன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மாதக்கணக்கில் ஒரே ரூமில் இருந்தும் அவன் தூங்கி அப்போதுதான் பார்க்கிறேன்.

ஷெட்டிலிருந்து வந்த அக்காதான் எங்களைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கரைல ஆள் இருந்தா பத்தாதுபா, முழிச்சிகினு இருக்கணும். முழிச்சிகினு இருக்கற ஆளு கெடச்சா வா. இல்லனா மழ முடிஞ்சி பாத்துக்கலாம்."

அவன் எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவிடம் ஸாரி கேட்டான். திரும்பி வரும்போது வண்டலூர் கிட்டே அவன் தலை என் முதுகில் இடித்தது. தூங்கிவிட்டானோ என்று பயந்து கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக முழித்துக்கொண்டிருந்தான்.

"கண்ண மூடையில நீ முட்டி போட்டிருந்த மாப்ள. முழிச்சுப் பாத்தா பக்கத்துல உக்காந்திருக்க. நடுவுல என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாமச் சொல்லு."

ப்ரோ போய் மாப்ள ஆகியிருந்தது. சொன்னேன். சத்தம் நின்றதைச் சொன்னேன், கையை விட்டதைச் சொன்னேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் கத்திக் கத்திச் சொன்னதில் பாதி காற்றில் போனது. எவ்வளவு உயரம் என்று கேட்டான். சொன்னேன். திரும்ப அதையே கேட்டான். வாயால் சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது. பார்த்திருந்தால் இவ்வளவு பேச வேண்டியிருக்காது.

ரூம் வாசலில் இறங்கியதும், அடுத்த செவ்வாய்க்கு முந்தின நைட் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தூங்கி எழுந்து வருவதாகச் சொன்னான். எழுதியும் கொடுத்தான். அவன் சூப்பர்வைசர் சரி என்று சொன்னதை வாய்ஸ் மெசேஜில் எனக்கு அனுப்பினான். அந்த மெசேஜை நான் பஸ்ஸில் ஒருமுறை, டீ பிரேக்கில் ஒருமுறை கேட்டேன்.

இன்றைக்குச் செவ்வாய். தென்கிழக்கிலிருந்து நல்ல காற்று என்று ஆப் காட்டுகிறது. நாளையிலிருந்து மழை. நேற்று ராத்திரி ஆள் குறைகிறது என்று அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள், காலையில் அப்படியே ஓ.டி.யும் போட்டுவிட்டார்கள், சாயங்காலம்தான் வருவான். இன்றைக்குப் பகலிலும் கட்டில் காலியாக இருக்கிறது.