தவக்காலத்தில் சாத்திய கடை

ஆவூர் முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நாகராசு நான். எனக்கு எதிரே மரிய செல்வி அக்காவின் பிரியாணிக் கடை. புருஷன் அமல்ராஜ் குவைத்தில் இருந்தாலும், மகள் சோபியாவை நர்சிங் படிக்க வைப்பது இந்தக் கடைதான்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முழுக்க அக்கா கறி சமைக்க மாட்டார். சாம்பல் புதனன்று கடையைச் சாத்தினால் ஈஸ்டர் அன்றுதான் திறப்பார். இது ஊரில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். தெரியாதவன் ஒருவன் இருந்தான். உலகத்துக்கே வழிகாட்டும் அந்தப் பெரிய இன்டர்நெட் கம்பெனிக்காரன்.

சோபியா அவன் மேப்பில் கடையை ஏற்றிவிட்ட பிறகு, திருச்சிக் கார்கள் அதைப் பார்த்தே வந்தன. பணம் வாங்குவது அவன் ஆப்பில், கடைப் படங்கள் அவனிடம், கல்யாண ஆர்டர் அவன் மெயிலில். வசதியாகத்தான் இருந்தது.

போன வருஷம் ஈஸ்டருக்கு அக்கா இரண்டு தேக்சா பிரியாணி ஏற்றினார். பூட்டிக் கிடந்த நாட்களை அந்த ஒரு நாள் ஈடுகட்டினால்தான் சோபியாவின் காலேஜ் பீஸ். மத்தியானம் வரை ஒரு கார் நிற்கவில்லை. ஒருவர் மட்டும் டயருக்குக் காற்றடிக்க என்னிடம் நிறுத்தினார்.

"இங்கிட்டு ஒரு பிரியாணிக் கடை இருந்துச்சாமே, மூடிட்டாங்களா?"

"அந்தா, எதுத்தாப்லதான் பொகையுது. பாருங்க" என்றேன்.

அவர் புகையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்ற சிவப்பெழுத்தை எனக்குக் காட்டினார். "இதுல மூடியாச்சுன்னுல்ல போட்டிருக்கு" என்று வண்டியை எடுத்துவிட்டார். மூக்குக்கு வாசனை வருகிறது, கண்ணுக்குக் கடை தெரிகிறது, ஆனாலும் போன் சொன்னதுதான் வேதவாக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன்.

தவக்காலத்தில் எவனோ வழிப்போக்கன் பூட்டைப் பார்த்துவிட்டு, மேப்பில் 'கடை மூடிவிட்டது' என்று பட்டனைத் தட்டியிருக்கிறான். கம்பெனிக்காரன் கடைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு முழுத் தேக்சா மிச்சம். அக்கா தெருவுக்கெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்தார். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சோபியா திருத்தம் அனுப்பினாள், ஏற்கவில்லை. வீடியோ கேட்டான், எடுத்து அனுப்பினாள். அதுவும் செல்லாது என்றான். போன் போட்டுத் திட்டலாம் என்றால் அங்கே மனுஷனே கிடையாது.

"அடுத்த தடவ தவக்காலத்துக்கு முன்னாடியே 'தற்காலிக விடுமுறை'ன்னு அதுல போட்டுரணும்மா" என்றாள்.

அக்காவுக்குக் கண் சிவந்துவிட்டது. "ஆண்டவருக்காக நான் கடையச் சாத்துறதுக்கு அவன்ட்ட லீவு லெட்டர் குடுக்கணுமாடி? வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டது நாமதான். எறக்கி விடு."

ஓணான் ஒரே நாளில் இறங்கவில்லை. பணம் வாங்க பேங்க் ஆப்புக்கு மாறினார்கள். படங்களை சோபியா ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்தாள். ஆர்டரெல்லாம் போனில் மட்டும் என்றார்கள். விராலிமலை ரோட்டுச் சுவரில் அம்புக்குறி போட்டு நம்பர் எழுதியது நான். பஸ் கண்டக்டர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, "கேக்குறவங்கட்ட சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. சில மாதம் வியாபாரம் படுத்தே கிடந்தது. அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது. நான்கூட மேப்பையே மறுபடி கெஞ்சிப் பார்க்கச் சொன்னேன். "ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டார்.

இந்த வருஷமும் சாம்பல் புதனன்று கடையைச் சாத்தினார். ஈஸ்டர் அன்று இரண்டு தேக்சாவும் மத்தியானத்துக்குள் பாதியாகிவிட்டன. போன வருஷம் காற்றடித்துப் போன அதே மனுஷர், சுவரில் எழுதியதைப் பார்த்து வந்து நின்றார். போனை அக்காவிடம் நீட்டினார்.

"இன்னும் மூடியாச்சுன்னுதாங்க காட்டுது. நான் வேணா ரிப்போர்ட் பண்ணிவிடவா?"

"வேணாம்ங்க" என்றார் அக்கா, கரண்டியை வைக்காமலே. "அவன் கணக்குல நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். ஒக்காருங்க, எலை போடச் சொல்றேன்."