டேங்க் கேம் ஆட வந்த ஆள்

அன்றைக்குக் கடையில் நான் இருந்தேன். என் மச்சான் செல்வம் இருந்தான். மூலையில் பழைய டிவி முன்னால் அந்த ஆள் இருந்தார்.

திருவொற்றியூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்த சமயம். நாலு புதுக் கம்ப்யூட்டர், எல்லாம் திருட்டு சிடி. அந்த ஆள் கழுத்தில் கம்பெனி அட்டையோடு தினமும் வருவார். புது கேம் எதையும் தொடமாட்டார். பழைய டிவியில் டேங்க் சுடுகிற கேம் மட்டும் ஆடுவார்.

“வூட்ல கம்ப்யூட்டர் கீதாம். அத்த வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீறான்? போலீசு ஆளு மாமு. நோட்டம் வுடறான்,” என்றான் செல்வம்.

எனக்கும் அந்தச் சந்தேகம்தான். போலீஸ் என்றால் ஆட்டம் நின்றதும் கண் சிடி ரேக்குக்குப் போகும் என்று நினைத்தேன். டிவிக்கும் கேம் பெட்டிக்கும் ஒரே சுவிட்ச். அதை அணைத்தேன்.

அவர் இருண்ட டிவியையே பார்த்தார்.

“கரண்ட் போச்சு சார்,” என்றேன்.

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்தார்.

“முப்பத்தி நாலாவது ஸ்டேஜுங்க. இவ்ளோ தூரம் வந்ததே இல்ல. வீட்டு கேம்ல செத்தா விட்ட இடத்துலருந்து ஆடலாம். இதுல மூணு உசுருதான். போனா முதல்லருந்து. அதுக்குத்தான் இங்க வர்றேன்.”

அப்புறம் அவர் வரவேயில்லை. அத்தனை நாளும் அவர் முகத்தையே பார்த்திருக்கிறேன், டிவியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மனசு உறுத்தியது. அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆடினேன்.

நான் எட்டியது பதினொன்றாவது ஸ்டேஜ்.