மூன்று முறை ஏறியவர்

போகோமிர் டிரிக்லாவ் மலையில் ஏறியதில்லை. ஸ்லோவேனியாவில் ஒரு மனிதனைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருடியவனுக்குக்கூடப் பெண் கொடுப்பார்கள். நாட்டுக் கொடியிலேயே இருக்கும் மலையில் ஏறாதவனை மனிதர் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் சிரமம்.

ஊர் சுற்றாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. இளமையில் முதுகில் ஒரு மூட்டையோடு போர்ட்டோவிலிருந்து கிராக்கோ வரை ஐரோப்பாவை அலசியவர். எந்த நகரத்து ரயில் நிலையப் பெஞ்சு முதுகுக்கு இதமானது என்று கேட்டால் உடனே சொல்வார். அத்தனையும் சமதரை. நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே அவருக்குத் தலை சுற்றும்.

மிலோய்காவைப் பெண் கேட்கப் போனபோது, மலையேறும் சங்கத்தின் தலைவராக இருந்த அவள் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தடவை ஏறியிருக்கே?" வேலை என்ன என்பதை அப்புறம்தான் விசாரித்தார். போகோமிர், "மூணு" என்றார். ஒன்று என்றால் நம்ப மாட்டார்களோ என்று இரண்டைக் கூடப் போட்டுக்கொண்டார். கல்யாணம் நடந்தது.

பிறகு இருவரும் லுப்லியானாவில் ஆற்றோரமாக, முதுகுமூட்டைப் பயணிகளுக்கு ஒரு விடுதி நடத்தினார்கள். மிலோய்கா ஆண்டுதோறும் ஆகஸ்டில் மலைக்குப் போவாள். அவருக்கும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் முழங்கால் வலிக்கும்; செப்டம்பரில் சரியாகிவிடும். அவள் திரும்பி வந்து சொல்வதையெல்லாம் மறுநாளே பயணிகளிடம் தன் அனுபவமாக எடுத்துவிடுவார். பாறையில் அடித்திருக்கும் கம்பியை எங்கே பிடிப்பது, எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும், வழியில் தங்கும் எந்தக் குடிலில் போர்வை நாறும். ஒரு குறை சொல்ல முடியாது. அவர் பேச்சைக் கேட்டுப் போன யாரும் விழுந்ததில்லை. மிலோய்கா வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

ஒரு பனிக்காலத்தில் அவளுக்கு நுரையீரலில் நோய் கண்டது. வசந்தம் வரை தாங்கவில்லை. போவதற்குச் சில நாள் முன்பு மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இன்னொரு தடவை ஏறிட்டு வா," என்றாள். "என் தொப்பிய போட்டுக்க. மேல காத்து ஜாஸ்தி. உனக்குத்தான் தெரியுமே."

செத்தவளிடம் போய் முழங்கால் வலி என்று சொல்ல முடியாது. ஆகஸ்டில் கிளம்பினார். விடுதியில் தங்கியிருந்த அயர்லாந்துப் பெண் ஊனா, இவ்வளவு பெரிய அனுபவசாலி போகிறாரே என்று நம்பி ஒட்டிக்கொண்டாள். இருபுறமும் பள்ளம் வாய்பிளந்த முகட்டில் அனுபவசாலி நாலு காலில் போனார். இதுதான் பழைய முறை என்று அவளுக்கு விளக்கமும் கொடுத்தார். பாவம், அவளும் கைகளை ஊன்றிக்கொண்டு பின்னால் தவழ்ந்தாள்.

உச்சியில், அடையாளமாக நட்டிருக்கும் சின்னத் தகரக் கூண்டருகே வழிகாட்டி டிரேய்ட்ஸ் கயிறோடு நின்றிருந்தார். மிலோய்காவுடன் பல ஆண்டுகள் ஏறியவர். முதல்முறை உச்சி தொடுகிறவர்களுக்குப் பின்புறத்தில் கயிற்றடி உண்டு; அதை வாங்கினால்தான் ஏறியதாகக் கணக்கு. ஊனா சிரித்துக்கொண்டே குனிந்து வாங்கிக்கொண்டாள்.

டிரேய்ட்ஸ் கயிற்றைச் சுருட்டவில்லை. "வேற யாராச்சும் புதுசா?" என்று பொதுவாகக் கேட்டார்.

பேசாமல் இருந்தால் போதும், பொய் பத்திரமாகக் கீழே இறங்கிவிடும். இத்தனை வருஷம் காப்பாற்றியதை இங்கே வந்தா தொலைப்பது? ஆனால் காற்று தொப்பியைப் பிடித்து இழுத்தது. அவள் சொன்னது சரிதான், மேலே காற்று அதிகம். ஒரு கையால் தொப்பியை அழுத்திக்கொண்டு போகோமிர் திரும்பி நின்று குனிந்தார்.

முதல் அடி சுரீரென்றது. இரண்டாவது இன்னும் பலமாக விழுந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுதானே குடுத்தே?" என்றார், குனிந்தபடியே.

"ரெண்டாவது மிலோய்கா அக்காவோடது, அண்ணே," என்றார் டிரேய்ட்ஸ். "என்னைக்காவது ஒருநாள் வருவான், வந்தா எனக்காக ஒண்ணு போடு, பாவம் பாக்காதேன்னு கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லி வெச்சிருந்தாங்க."

போகோமிர் நிமிர வெகுநேரம் ஆனது. வலி தாங்கவில்லை என்று ஊனா நினைத்துக்கொண்டாள்.

கீழே குடிலில், புளித்த முட்டைக்கோஸ் குழம்பை நின்றபடியே சாப்பிட்டார். மிலோய்கா போனபின் முதல்முறையாக மறுபடி கேட்டும் வாங்கினார்.

இப்போதெல்லாம் விடுதிக்கு வருகிறவர்களிடம், தான் ஒருமுறை ஏறியிருப்பதாகத்தான் சொல்கிறார். ஒரே தடவைதானா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அவர்கள் வேறு யாரிடமாவது வழி கேட்கப் போய்விடுகிறார்கள்.