பூட்டிக் கிடந்த தூதரகமும் பாதைக்காரப் பூபாலபிள்ளையும்

பெலாருஸ் என்றொரு நாடு இருக்கிறதென்று களுதாவளையில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பூபாலபிள்ளைதான். சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, ஓட வழியில்லாத இடத்தில் பிடித்துவைத்துச் சொன்னார் என்பதே சரி. கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அதை ஓட்டுகிறவர் அவர். கதை பிடிக்கவில்லையென்று நடுவாவியில் இறங்கிப் போகவா முடியும்?

அவருடைய மகள் கம்சாயினி மின்ஸ்க் நகரத்தில் டொக்டருக்குப் படிக்கிறாள். கடைசி வருடம். படுவான்கரையில் இருக்கும் அவருடைய அக்கா ஆச்சிப்பிள்ளையின் மகன் ரதீசுக்கு அமெரிக்காவில் வேலை. முறை மச்சான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அக்காவும் தம்பியும் வெற்றிலைத் தட்டான வட்டாவை நடுவில் வைத்து வாக்குக் கொடுத்தாயிற்று. படிப்பு முடிந்ததும் மகள் அமெரிக்கா போகவேண்டும், அதற்கு விசா வேண்டும்.

“எப்பிடியப்பா? இஞ்ச அமெரிக்கன் தூதரகம் பூட்டிக் கிடக்கு. திறந்தாத்தான்” என்றாள் மகள், மின்ஸ்க்கிலிருந்து போனில்.

அந்த ஒரு பேச்சு போதும், மனிதர் கவிழ்ந்துவிட்டார். அயல்வீட்டு வம்பும் விடுப்பும் கேட்காமல் இருக்கமாட்டாத ஆள். இரண்டு நாடுகள் கோபித்துக்கொண்டு கதவைப் பூட்டினால் சும்மா இருப்பாரா? இரண்டாயிரத்தெட்டில் தூதுவர் போனது, இரண்டாயிரத்து இருபத்திரண்டு மாசியில் மிச்சப் பேரும் பூட்டிக்கொண்டு போனது எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதுவும் போதவில்லை. பூட்டிய வீட்டின் திறப்புச் சாவி யாரிடம்? வீட்டைச் சுற்றிய வளவை யார் கூட்டுகிறார்கள்? ஒரு தரப்பு கதவைப் பூட்டினால் மற்றத் தரப்பும் பூட்டவேண்டுமா? பாதையில் ஏறிய வாத்திமார் ஒருவரும் தப்பவில்லை. ஒரு சரித்திர ரீச்சர் பத்துக் கிலோமீற்றர் சுற்றிப் பஸ்ஸில் போகத் தொடங்கினார் என்று கேள்வி.

இரண்டாயிரத்து இருபத்தைந்து செப்டெம்பரில் செய்தி வந்தது. பெலாருஸ் சிறையிலிருந்த கொஞ்சப் பேரை விட்டது. அமெரிக்கா அவர்களுடைய விமானக் கொம்பனிக்குப் போட்ட தடையைத் தளர்த்தியது. தூதரகத்தைத் திரும்பத் திறக்கும் எண்ணமும் இருப்பதாகக் கதை. பூபாலபிள்ளை அடுத்த நாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

“அக்கா, கதைக்கத் தொடங்கிட்டானுகள்.”

“ஆர்ரா?”

“மின்ஸ்க்காரனும் அமெரிக்காக்காரனும்.”

ஆச்சிப்பிள்ளை சந்தோசத்தில் வட்டாவை அவர் முன்னால் தள்ளிவைத்தாள். அந்த வீட்டில் மதிப்பும் உறவும் அந்தப் பித்தளை வட்டாவில்தான். வந்தவர் முன்னால் வைத்தால் உறவு. வைக்காவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான்.

மகளுக்கும் போன் எடுத்துச் சொன்னார். அவள் “ம்” என்றாள். படிப்புக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

குட்டை உடைத்தது மஜீட். காத்தான்குடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் சாறன் கட்டிக்கொண்டு படுவான்கரைக்கு யாவாரத்துக்குப் போகிறவர். பெலாருஸ் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணன், என்ட ராத்தாட மகன் ஜோர்ஜியா நாட்டுல படிச்சவன். லீவுல வந்து கொழும்புல அமெரிக்கன் விசா எடுத்தான். உங்கட மகளும் அப்பிடி எடுக்கலாந்தானே?” என்றார்.

பூபாலபிள்ளைக்குத் தலை சுற்றியது. இருபது வருடம் பாதை ஓட்டிய புத்தி அது. ஆள் நிற்கிற கரையில்தானே ஏறமுடியும்? இக்கரையில் நிற்கிறவன் அக்கரையில் ஏறிய கதை உண்டா? விசாவும் அப்படித்தான் என்று முடிவுகட்டி, கொழும்பு என்று ஒரு ஊர் இருப்பதையே மறந்துபோனார். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட வேறொன்று உறுத்தியது. படித்த பிள்ளை, அவளுக்குமா தெரியாது?

கரை தட்டியதும் மகளுக்குப் போன் எடுத்தார்.

“மகள், கொழும்பிலயும் குடுக்கலாமாம்.”

“தெரியும் அப்பா.”

“எப்ப இருந்து?”

“முதல்லயே. எனக்கு அங்க போக விருப்பமில்லப்பா. ஊருக்கு வந்து எங்கட ஆசுப்பத்திரியில வேல செய்யணும். உங்கட வாக்க நினைச்சுத்தான் சொல்லல்ல. தூதரகம் பூட்டிக் கிடக்கும் வரைக்கும் ஆரும் கேக்கமாட்டீங்கதானே.”

“ரதீசு?”

“மச்சானுக்கும் தெரியும். அவருக்கும் ஒரு காரணம் இரிக்கு. அத அவர்தான் மாமிக்குச் சொல்லணும். நீங்க சொல்லிப்போடாதீங்க.”

என்ன காரணம் என்ற கேள்வி பூபாலபிள்ளையின் நாக்கு நுனிவரை வந்தது. மின்ஸ்க் தூதரகத்தின் வளவைக் கூட்டுகிறவர் யாரென்று அறியத் துடித்த மனிதர் அவர். கேட்கவில்லை. கேட்டால் சொல்லாமல் இருக்கத் தன்னால் முடியாதென்று அவருக்கே தெரியும். போனை மடியில் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

“என்ட புள்ளைக்கு விருப்பமில்லக்கா” என்று மட்டும் சொன்னார். ரதீசின் பெயரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பழியில் பாதி இறங்கியிருக்கும்.

ஆச்சிப்பிள்ளை வட்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவள். பூபாலபிள்ளை முற்றத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு பாதையில் பெலாருஸ் கதை இல்லை. சனங்களுக்கு அதிசயம். மஜீட்கூட, “என்ன அண்ணன், திறந்துட்டானுகளா?” என்று கிண்டிப் பார்த்தார். “தெரியா தம்பி” என்றார். நாற்பது நாளில் அக்கா இரண்டு தரம் பாதையில் ஏறினாள். இரண்டு தரமும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் தரம் நேரே அவரிடம் வந்தாள்.

“ரதீஸ் எல்லாத்தையும் சொல்லிட்டான். அங்க ஒருத்தியோட கலியாண எழுத்தும் முடிஞ்சிதாம். உனக்கு முன்னமே தெரியுமாடா?”

“காரணம் ஒண்டு இரிக்கெண்டு தெரியும். என்னெண்டு கேக்கல்ல.”

“நீ?” என்றாள். “நீ கேக்கல்லையா?”

“கேக்கல்லக்கா.”

ஆச்சிப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பாதை எதிர்க்கரையைத் தட்டியது. இறங்குகிறபோது மடியை அவிழ்த்து, ஒரு வெற்றிலையில் பாக்கை வைத்து மடித்து அவர் கையில் வைத்தாள்.

“எப்ப வாறாள் புள்ள?”

“ஆனியில.”

“வந்தவுடன எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா” என்றாள்.