உம்மாவுக்கு ஒரு தாள், மகளுக்கு ஒரு தாள்

எங்கள் வீட்டுக்குக் கீழே சுக்கும் மிளகாய் வற்றலும் மொத்த வியாபாரம். லாரியிலிருந்து மூட்டை இறங்கும் நாளில் தெருவே தும்மும். என் மகளுக்கு மூச்சு இழுக்கும். ஐந்து வயதில் ஆஸ்துமா என்றார்கள். இப்போது பன்னிரண்டு ஆகிறது. நடுவில் ஒரு நாள்கூட அவளை நான் ஓட விட்டதில்லை.

இந்த வருஷம் வந்த பி.டி. டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்குகிறார் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான், என் பிள்ளையை விளையாட்டில் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் கையால் ஒரு கடிதம் வாங்க அவளையும் இழுத்துக்கொண்டு எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். பஸ் தேவரா ஸ்டாப்பைத் தாண்டும்வரை அவளிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல உம்மா" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி.

"நீ சும்மா இரு."

போனால், கடிதத்துக்கு முன்னால் ஆளுக்கொரு தாளை நீட்டினார்கள். குழலில் ஊதச் சொன்னால் நெஞ்சின் நிலைமை தெரியுமாம். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு பிள்ளை எப்படி நாளை ஓட்டுகிறது என்பது தெரியாதாம். அதற்குத்தான் இந்தக் கேள்விகள். போன மாதம் ஓடக் கஷ்டமாக இருந்ததா, கூடப் படிக்கிற கூட்டுகாரிகள் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா, தூக்கம் வந்ததா. 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை கட்டங்கள். பெற்றவள் தனியாக, பிள்ளை தனியாக எழுத வேண்டும்.

"எம்புள்ளையப் பத்தி எனக்குத் தெரியாததா? குடுங்க, ரெண்டையும் நானே எழுதிடறேன்" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டு அவளை அடுத்த அறைக்குக் கூட்டிப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாள் மலையாளத்தில் இருந்தது; எனக்கு அதை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மகள் எனக்கு முன்பே முடித்துவிட்டாள்.

நான் கஞ்சத்தனம் பார்க்காமல் எழுதினேன். ஓடுவது: எப்போதும் கஷ்டம். விளையாடுவது: எப்போதும் கஷ்டம். மற்றவர்கள் ஒதுக்குவது: அடிக்கடி. பாவம், நிழலில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் சேர்ப்பார்கள்?

நீ எழுதிய தாளை உம்மாவிடம் காட்டலாமா என்று டாக்டரம்மா அவளிடம் கேட்டார். ரொம்ப யோசித்துத் தலையாட்டினாள். பார்த்தால், எல்லாவற்றுக்கும் ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை!

"அல்லாவே, இப்படியா புளுகுவா!"

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் 'எப்போதும்' என்று குறித்திருந்தாள். என்ன நடக்குமோ என்ற கவலை.

"பாத்தீங்களா டாக்டரே? மூச்சு நின்னுடுமோன்னு பயந்து சாகுது புள்ள. கடிதத்த எழுதுங்க."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். "ஓடக் கஷ்டமே இல்லையா மோளே?"

"நான் ஓடறதில்ல. கோல்கீப்பர்."

ஸ்கூல் டீமில், ஸ்கூல் திறந்ததிலிருந்து! இன்ஹேலர் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பையில் இருக்குமாம். எப்போது எடுத்துத் தர வேண்டும் என்று ஒரு கூட்டுகாரிக்குப் பழக்கியும் வைத்திருக்கிறாள். பெஞ்சில் இடித்தது என்று அவள் கொண்டுவந்த முழங்கைக் காயத்துக்கெல்லாம் நான்தான் மருந்து போட்டேன்.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு கவலை?"

அவள் தரையைப் பார்த்தாள். "உம்மாவுக்குத் தெரிஞ்சுடுமேன்னு."

இவள் மூச்சுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தே இத்தனை வருஷம் கிடந்தேன். அந்தத் தாளில் அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் நான். அழுகையும் வந்தது, ஓர் அறை விடலாம் போலவும் வந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடிதம் எழுதட்டுமா என்றார்.

"எழுதுங்க" என்றேன். மகளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"விளையாடலாம்னு எழுதுங்க. எப்ப எந்த மருந்துன்னும் சேர்த்து எழுதுங்க. டீச்சர் கையில நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"ஐயோ, நீ ஸ்கூலுக்கு வராத உம்மா!"

"மேட்ச் பாக்கவும் வரக் கூடாதா? தூரமாத்தான்டி நிப்பேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்து வரும்போது கத்தக் கூடாது" என்றாள்.