துவைகல்லில் கரைந்த ஐஸ்

எங்கள் திருநெல்வேலியில் ஐஸ் என்றால் சர்பத். இந்தத் திருவனந்தபுரத்தில் ஐஸ் என்றால் மீன். தொண்டைச் சதையை அறுத்துக்கொண்டு நான் வீட்டில் கிடந்த நாட்களில் தினமும் காலையில் எங்கள் வாசலில் ஓர் ஐஸ்கட்டி வந்து உட்கார்ந்தது. மரத்தூள் ஒட்டிய சாக்குத் துண்டில் சுற்றியிருக்கும். மீன் வண்டிகளுக்குப் பாளம் பாளமாக ஏற்றுகிற பாக்டரியிலிருந்து வந்தது. சாக்கில் அந்த வாடை இருக்கத்தான் செய்யும். முட்டை ஓடு காற்றில் பறந்து வந்து விழுந்தால்கூட வாசலைக் கழுவிவிடுகிற வீடு எங்களுடையது. அந்த வாசலில் மீன் ஐஸ். ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று சிரிக்க முடியவில்லை. சிரித்தால் புண் கிழியும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது டெம்பரரி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்து, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, சொன்ன இடத்தில் வயரைச் சொருகுகிற வேலை. குரல் இல்லாவிட்டால் வேலை இல்லை. எனக்கோ அடிக்கடி தொண்டை வீங்கும், காய்ச்சல் வரும், குரல் அடைத்துப்போகும். மறுபடியும் லீவு கேட்டு நின்றபோது சூப்பர்வைசர் மரியாதையாகவே சொன்னார்: தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு வா, இரண்டு வாரம் தருகிறேன், அது முடிந்த திங்கட்கிழமை நீ நாற்காலியில் இல்லாவிட்டால் காத்திருக்கிற பெண்ணைக் கூப்பிடுவேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயத்தைத்தான் சொன்னார். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை.

இந்த ஊர்த் தண்ணீர்தான் என் தொண்டையைக் கெடுத்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். பொய். பாவாடை கட்டிய வயதிலிருந்தே வீங்கிக்கொண்டுதான் இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் குடித்த தொண்டைதான் அது. எங்கள் தெருக்கோடியில் ஒருத்தி இருந்தாள். உப்பைத் தொட்ட கட்டைவிரலை என் வாய்க்குள் விட்டு, வீங்கிய சதையை அமுக்குவாள். இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சீழும் ரத்தமுமாகத் துப்புவேன். இனிமேல் வராது என்பாள். வரும். அப்பாவுக்கு இங்கே சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் கணக்கெழுதும் வேலை கிடைத்து நாங்கள் குடும்பத்தோடு இங்கே வந்தபோது, அந்தத் தொண்டையும் கூடவே பஸ் ஏறி வந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணன் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து ஊரோடு போய்விட்டான். நான் போகவில்லை. மலையாளமும் இங்கிலீஷும் இங்கே படித்தேன். ஊருக்குப் போனால் அந்த இரண்டும் அடுப்பு ஊதக்கூட உதவாது. சாக்கை என்கிற இடத்துப் பக்கம் ஒரு வீட்டில் பாதியை வாடகைக்குப் பிடித்து அம்மாவும் நானும் இருந்தோம். மறுபாதியில் ரோஸி சேச்சி. அவள் புருஷனுக்குத்தான் அந்த ஐஸ் பாக்டரியில் வேலை.

வயது வந்தவர்களுக்கு இந்த ஆபரேஷனை மயக்கம் கொடுத்துச் செய்யவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தொண்டையில் ஊசி போட்டு, விழித்துக்கொண்டிருக்கும்போதே அறுத்தார்கள். "இது குட்டிகளுக்குச் செய்யுந்ந ஆபரேஷன் அல்லே? இத்தனை காலம் எந்து செய்து?" என்று டாக்டர் கேட்டார். "உப்பு வச்சு அமுக்குனாங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னது நாலே விஷயம். பத்து நாள் பேசக்கூடாது. ஐஸைச் சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வலித்தாலும் கெட்டியாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை இறுகும். ரத்தம் வந்தால் ஐஸை வாயில் போட்டுக்கொண்டு உடனே ஓடிவர வேண்டும்.

எச்சில் விழுங்கினால் வலி தொண்டையில் நிற்காமல் இரண்டு காதிலும் போய்க் குத்தும். கருவி மாட்டுகிற காது. நான் இட்லியை மோரில் கரைக்காமல் பிட்டுப் பிட்டு விழுங்கினேன். ஒவ்வொரு வாய்க்கும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு தள்ளுவேன். இதெல்லாம் என் கையில் இருந்தது, செய்தேன். ஐஸ் மட்டும் என் கையில் இல்லை.

ரோஸி சேச்சி முதல் நாளே கொண்டுவந்துவிட்டாள். "பிரமு மோளே, ஐஸ் கொண்டுவந்நு. பொட்டிச்சு வாயில் இட்டா மதி" என்று வாசலில் வைத்தாள்; உடைத்து வாயில் போட்டால் போதுமாம். பிறகு உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றி அடுப்பு மூட்டும் நேரம்வரை பேசினாள். வாய்க்குப் பேர்போன என்னிடம் குறுக்கே பேச்சு வாங்காமல் பேசுவது அவளுக்குப் பெரிய சந்தோஷம். அம்மாவும் அவளிடம், "ரொம்ப சந்தோசம் ரோஸியம்மா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். ரோஸி போன மறுநிமிஷம் சாக்கை இரண்டு விறகுக்கட்டையால் இடுக்கித் தூக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைகல்லில் போட்டாள்.

"மீன் பொணத்துக்கு வைக்கிற ஐஸு. இத வாயில வச்சா ஒனக்குச் சன்னி வரும், வீட்டுக்குத் தீட்டு வரும். பேசாம கஞ்சியக் குடி" என்றாள். பேசாமல்தான் இருந்தேன், வேறென்ன செய்ய? பித்தளை டம்ளரைத் தரையில் தட்டினேன். "என்னட்டி இப்படித் தட்டுத? டம்ளரு நசுங்கிறப்போகுது" என்றாள். சிலேட்டில் 'ஐஸ்' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சிலேட்டைச் சாய்த்துப் பார்த்து, "அழகாத்தான் எழுதியிருக்க" என்றாள். நானே எழுந்து கொல்லைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஓடி, கொதிக்கிற வெந்நீரை அதன்மேல் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் ரோஸி வந்து, அம்மா வாசலில் திருப்பி வைத்திருந்த சாக்கு காலியாக இருப்பதைப் பார்த்து, "ஒக்கெ தீர்ந்நோ? மிடுக்கி!" என்று கெட்டிக்காரி பட்டம் கொடுத்து என் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கடுத்த நாள் இன்னும் பெரிய கட்டியாகச் சுமந்து வந்தாள். அது கரைகிற சொட்டுச் சத்தம் அடுக்களை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அப்புறம் அண்ணன் வந்தான். அம்மா யாரையோ பிடித்துக் கடிதம் போட்டிருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான். "ஏட்டி பிரமு, போதும் ஒன் உத்தியோகம். தொண்டைய அறுத்துக் குடுத்துட்டு வேலை பாக்கணும்னு எவன் அழுதான்? நாளைக்குக் காலைல பஸ். வீட்டக் காலி பண்ணுதோம்னு வாடக வீட்டுக்காரன்ட்டச் சொல்லியாச்சு. போற வழியில ஒன் ஆபீஸ்லயும் ஒரு வார்த்த சொல்லிருதேன்." நான் முடியாது என்று தலையாட்டினேன். "தலைய ஆட்டாத, புண்ணு ஆடும்" என்றான். கெட்டவன் இல்லை அவன். என்மேல் அக்கறை உள்ளவன்தான். அக்கறை உள்ளவர்கள்தான் நம்மைக் கேட்காமல் காரியம் செய்கிறார்கள். அவனுக்குப் படிக்கத் தெரியும் என்பதால் சிலேட்டில் 'வரமாட்டேன்' என்று எழுதி மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். வாசித்தான். தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். "பேச்சு வந்தப்புறம் சொல்லு, கேக்கேன்" என்றான். ஆபீசில் அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் என் நாற்காலி போயிற்று. பேச்சு வருகிற நாளில் பேச எனக்கு இடம் இருக்காது.

மறுநாள் காலை அண்ணன் டிரங்குப் பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்தான். நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "எறங்குட்டி" என்றான். இறங்கவில்லை. அப்போது வாயில் உப்புக் கரித்தது. துப்பினேன். சிவப்பு. மறுபடி துப்பினேன், இன்னும் சிவப்பு. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். அண்ணன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

சத்தம் கேட்டு ரோஸி சேச்சி அன்றைய ஐஸோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்தாள். திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாகத் துவைகல்லைப் பார்த்தாள். முந்தின நாள் கட்டி பாதி கரைந்து சாக்கோடு அங்கே கிடந்தது. "எண்டெ மாதாவே! துணி அலக்குந்ந கல்லிலோ? இத்தனை திவசம் ஞான் சொமந்நு கொண்டுவந்நது கல்லினெ குளிர்ப்பிக்கானோ?" என்று கத்தினாள். அம்மா ரோஸியிடம் பாய்ந்தாள். அவள் கையிலிருந்த ஐஸைச் சாக்கோடு பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். எங்கள் அம்மியில் போட்டுக் குழவியால் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். சில்லுகளைக் கையில் அள்ளி வந்து, "தொற வாய. கடிக்காத" என்று தன் விரலாலேயே என் நாக்கில் வைத்தாள். மீன் ருசி இல்லை. மரத்தூள் ருசிதான் இருந்தது. அண்ணன் போய் ஜட்கா பிடித்து வந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அம்மா வழியெல்லாம் சில்லு சில்லாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அவள் விரல் விறைத்து நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். ஐஸ் வைத்தது நல்லதாயிற்று, ஒரு வாரத்துக்கு நெடும்பயணம் கூடாது என்றார். வீடு திரும்பியதும் அண்ணன் பெட்டிக் கயிற்றைச் சுருட்டினான். "அப்போ ஒரு வாரம் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன். ஆபீஸ்ல மட்டும் இன்னைக்கே சொல்லிருதேன்."

டாக்டர் சொன்ன பத்து நாள் ஆகவில்லை. ஆகாவிட்டால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நான் வரல. ஆபீஸ்ல நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

எனக்கே திடுக்கென்றது. பழைய கட்டைக் குரல் இல்லை. மெல்லிசாக, மூக்கோரமாக, யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "யாரு கொரலுட்டி இது?" என்றான் அண்ணன்.

"எங்கொரல்தான். பேச்சு வந்தப்புறம் சொல்லுன்ன. சொல்லிட்டேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அம்மியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அதான் சொல்லிட்டால்லா. நீ கெளம்பு ராசா, பஸ்ஸு போயிரும்" என்றாள். அண்ணன் சொல்லிக்கொள்ளாமல் போனான். அப்புறம் ஒரு கடிதம் கிடையாது. அம்மா சாமிக்கு அரைக்க வேறு அம்மி வேண்டும் என்றாள். நான் வாங்கித் தரவில்லை. இரண்டு நாள் முனகிவிட்டு அதிலேயே அரைத்தாள். திங்கட்கிழமை காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வலித்தது. உட்கார்ந்தேன்.

இப்போது மாகாண எல்லை பிரித்து, நாகர்கோவில் தமிழ்ப் பக்கம் போய்விட்டது. ஊருக்குப் போனால் என்னை மலையாளத்துக்காரி என்கிறார்கள். இங்கே ரேஷன் கடையில், தமிழரை இளக்காரமாகச் சொல்கிற 'பாண்டி' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நான் பதிலுக்கு நன்றாகவே திட்டுகிறேன். ஆனால் வெளியூருக்குப் போடுகிற டிரங்க் கால் பலகையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஆபரேட்டருக்குப் பெயர் கிடையாது, அவள் உட்கார்ந்திருக்கிற ஊர்தான் பெயர். திருநெல்வேலி கூப்பிட்டால் நான் "திருவனந்தபுரம்" என்பேன். அந்தக் கையோடு இங்கே சாலைக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "திருநெல்வேலி விளிக்குந்நு" என்பேன்.

போன மாதம் ஒரு பகலில் அப்படித்தான் ஒரு கால் வந்தது. சாலையில் ஒரு ஜவுளி மொத்தக்கடை நம்பர். "திருவனந்தபுரம்" என்றேன். "கொஞ்சம் நல்லாக் கேக்கும்படி போடுங்கம்மா, தயவுசெஞ்சு" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அண்ணன். அவன் கடைக்கு டெலிபோன் வந்திருக்கிறது. ஏட்டி என்றல்லாமல் என்னைக் கூப்பிட்டறியாதவன், குரல் தெரியாமல் அம்மா என்கிறான். போட்டுக் கொடுத்தேன். வேட்டி, துண்டு, மல் எல்லாம் பேசினார்கள். நேரம் ஆனதும் இடையில் நுழைந்தேன், வாயில் ஊர்ப்பேச்சுதான் வந்தது.

"மூணு நிமிசம் ஆயிட்டு. நீட்டவா?"

சாலைக்காரர் "மதி, மதி" என்று வைத்துவிட்டார். திருநெல்வேலி வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஏட்டி... நீயா?"

வேலை நேரத்தில் சொந்தப் பேச்சு கூடாது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

"திருவனந்தபுரம் பேசுது" என்றேன். "நீட்டவா, வெட்டவா?"



"நீட்டு" என்றான்.

திருநெல்வேலி வயர் பலகையில் சொருகியபடி இருந்தது. சாலைக் கடை ஓட்டையிலிருந்து பிடுங்கிய மறுமுனை என் கையில் இருந்தது. அதை எந்த ஓட்டையில் சொருகுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.