ஐந்து கிலோசைக்கிள் வித்தியாசம்

நாகல் நகர் தோல் வியாபாரி சிக்கந்தர் ராவுத்தர், 1961இல் லைசென்ஸ் வாங்கித் தானே ஒரு வயர்லெஸ் செட் கட்டினார். தினமும் காலையில் கீரனூர் விவசாயி நாச்சிமுத்துக் கவுண்டரோடு பேசுவார்.

"ஏனுங்க, இன்னைக்கும் அஞ்சு கிலோசைக்கிள் தள்ளி வர்றீங்க" என்று, பேசிவைத்த அலைவரிசையிலிருந்து அவர் விலகி வருவதாகக் கவுண்டர் தினமும் குறை சொன்னார்.

ராவுத்தர் மூன்று முறை செட்டைப் பிரித்துப் பார்த்தார், தவறு அகப்படவில்லை. கடைசியில் டெல்லியிலிருந்து துல்லியமான அலைவரிசையில் வரும் நேர சிக்னலோடு ஒப்பிட்டார். அவருடைய டயல் இம்மியும் பிசகவில்லை.

"தப்பு ஒங்க செட்டுலதான் கவுண்டரே!" என்று மைக்கில் கத்தினார்.

"என்னுது சீமைச் செட்டுங்க. அது தப்பாகுமுங்களா?"

ராவுத்தருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பேச வேறு ஆளும் இல்லை. பென்சிலால் தன் டயலில் ஐந்து கிலோசைக்கிள் தள்ளிக் கோடு போட்டு, 'கீரனூர்' என்று எழுதினார். மறுநாள் அந்தக் கோட்டில் முள்ளை வைத்துப் பேசினார்.

"இப்பத்தானுங்க சரியா வந்தீங்க" என்றார் கவுண்டர்.